பதினைந்து வயதில் கல்லூரிக்கு வந்தவர்கள்

1982 டெல்லி ஆசிய விளையாட்டில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தை எம்.டி. வல்சம்மா 58.47 வினாடியில் ஓடி முடித்துத் தங்கம் வாங்கினார். அதே போட்டிகளில் பி.டி. உஷா 100, 200 மீட்டர்களில் வெள்ளி. உஷாவின் பெயர் இன்று எந்த வீட்டிலும் தெரியும். வல்சம்மாவை ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு. பாலக்காட்டுக்காரர்கள் மட்டும் கொஞ்சம் உரிமையோடு சொல்வார்கள், "நம்ம மெர்சி காலேஜ் புள்ள" என்று.

பிறந்த ஊரைப் பார்த்தால் அந்த உரிமை செல்லாது. கண்ணூர் மாவட்டத்து மலையோரத்தில் இருக்கும் ஒட்டத்தை என்ற ஊரில் 1960இல் பிறந்தவர் வல்சம்மா. பள்ளியிலேயே ஓடினார். ஆனால் விளையாட்டை முழுமூச்சாக எடுத்துக்கொண்டது மேற்படிப்புக்குப் பாலக்காடு மெர்சி கல்லூரிக்கு வந்த பிறகுதான். அது 1964இல் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய பெண்கள் கல்லூரி. அவர் வந்தபோது அதற்குப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். பெரிய பல்கலைக்கழகமோ தேசியப் பயிற்சி மையமோ கிடையாது. அப்படி ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து ஆசியத் தங்கம் எப்படி வந்தது, இன்று ஏன் வருவதில்லை என்பதற்குக் கடின உழைப்பு, திறமை என்று பொதுவாகப் பதில் சொல்லிவிடலாம். என் கணக்கில் பாதி பதில் ப்ரீ டிகிரியில் இருக்கிறது.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. கேரளத்தில் அன்று பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அடுத்த இரண்டு வருடம், இன்று பிளஸ் ஒன், பிளஸ் டூ என்கிறோமே, அது கல்லூரியில்தான் நடந்தது. பதினைந்து வயதுப் பெண் பாவாடை சட்டையோடு வந்து கல்லூரி விடுதியில் பெட்டியை வைப்பாள். ப்ரீ டிகிரி இரண்டு, டிகிரி மூன்று என ஐந்து வருடம் ஒரே விடுதி, ஒரே மைதானம், ஒரே பயிற்சியாளர் கண். ஓட்டக்காரியின் உடம்பு உருவாகும் வயது முழுக்கக் கல்லூரியின் கையில் இருந்தது. பயிற்சி முறையைப் பற்றி எத்தனை புத்தகம் எழுதினாலும் இந்த ஐந்து வருடத்துக்கு ஈடு கிடையாது.

பாலக்காட்டில் வல்சம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஏ.கே. குட்டி. அவருக்குத் துரோணாச்சார்யா விருது வந்தது 2010இல். சிஷ்யை தங்கம் வாங்கி இருபத்தெட்டு வருடம் கழித்து! நம் நாட்டில் குருதட்சிணை இப்படித்தான் தவணையில் வரும்.

அன்றைய மைதானத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மண் தரை. போட்டி நாளைக்கு முன்தினம் கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூள் கொட்டி லேன் இழுப்பார்கள். ராத்திரி மழை பெய்தால் காலையில் மறுபடியும் இழுக்க வேண்டும். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பத்துத் தடைகள். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், பிறகு தடைக்குத் தடை 35 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக்கு 40. பெண்களுக்குத் தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர். இந்த 35 மீட்டரை எத்தனை எட்டில் கடப்பது என்பதில்தான் முழு ஓட்டமும் இருக்கிறது. எட்டு ஒன்று பிசகினால் எந்தக் காலை முன்னே நீட்டுவது என்று குழம்பும், தடையின் மேலேயே விழ வேண்டியதுதான். சின்தெடிக் தரையில் எட்டு தினமும் ஒரே மாதிரி விழும். மண்ணில் அப்படி இல்லை. காய்ந்த நாளில் ஒரு நீளம், ஈரமான நாளில் வேறொரு நீளம். ஸ்பைக்ஸ் ஷூவின் அடியில் மண்ணுக்கென்றே நீளமான ஆணிகளைத் திருகிக்கொள்வார்கள். மண்ணில் எட்டைப் பழக்கிக்கொண்டவளுக்கு டெல்லியின் புதிய தரை எவ்வளவு லேசாக இருந்திருக்கும்!

இதோடு காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு இடைவெளி விழுந்திருக்கிறதே, அந்தப் பாலக்காட்டுக் கணவாயில்தான் நாம் குடியிருக்கிறோம். தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் நம் வேலந்தாவளத்துத் தென்னைகளைக் கேட்டால் சொல்லும். ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் 100 மீட்டர் ஓட்டமும் நீளம் தாண்டுதலும் சாதனைக் கணக்கில் ஏறாது. முழு வட்டம் ஓடுகிறவர்களுக்கு அந்த விதியும் இல்லை. ஒரு பக்கம் தள்ளிவிடும் காற்று மறுபக்கம் நெஞ்சில் கை வைத்து நிறுத்தும், அவ்வளவுதான். அதற்கு எதிராக ஓடி ஓடித்தான் பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் வந்தது என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. நான் அதை முழுசாக நம்புவதில்லை. நல்லாத்தான் இருக்கிறது கேட்க.

கல்லூரி உருவாக்கிவிட்டால் போதுமா, அதற்குப் பிறகு சோறு? அதற்கும் அன்று ஒரு வழி தெளிவாக இருந்தது. 1979இல் புனேயில் நடந்த பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் வல்சம்மா பென்டத்லானில் பதக்கம் வாங்கினார். 1981இல் பெங்களூரில் மாநிலங்களுக்கு இடையேயான போட்டியில் ஐந்து தங்கம். தெற்கு ரயில்வேயில் வேலை. 1982இல் ஆசியத் தங்கமும் அர்ஜுனா விருதும், 1983இல் பத்மஸ்ரீ. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் உஷா, ஷைனி ஆபிரகாம், வந்தனா ராவ் ஆகியோரோடு 4x400 தொடர் ஓட்டத்தில் இறுதிச் சுற்று வரை போய் ஏழாம் இடம். கல்லூரி விடுதி, பல்கலைக்கழகப் போட்டி, ரயில்வே, இந்திய அணி. இந்தப் படிகளில் முதல் படி கல்லூரி. ரயில் தண்டவாளத்துக்குப் பெயர்போன பாலக்காட்டில் ரயில்வே உத்தியோகம் என்றால் அப்பன் ஆத்தாள் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். ஓடினால் கால் கருக்கும், மாப்பிள்ளை கிடைக்காது என்று முணுமுணுத்தவர்களும் 'ரயில்வே' என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இடுக்கியிலும் இதே கதைதான், மலையேற்றம் கொஞ்சம் கூடுதல். 1964இலேயே தொடங்கிய இன்னொரு பெண்கள் கல்லூரி பாலாவில் இருக்கும் அல்போன்சா. இடுக்கி ராஜாக்காட்டுப் பக்கம் முல்லக்கானத்தில் பிறந்த ப்ரீஜா ஸ்ரீதரன் அந்தக் கல்லூரி வழியாக வந்தவர். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கம், 5,000 மீட்டரில் வெள்ளி. அவரும் வந்து சேர்ந்தது பாலக்காட்டு ரயில்வேயில்தான். ஷைனியும் இடுக்கிக்காரர். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் கே.எம். பீனாமோள் தங்கமும் தம்பி கே.எம். பினு வெள்ளியும் வாங்கினார்களே, அவர்களும் இடுக்கிதான். குடியேற்றக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கே மலை ஏறி இறங்கியவர்கள். அவர்களைக் கீழே இறக்கி விடுதியில் தங்கவைத்துச் சோறு போட்ட வேலையைச் சின்னச் சின்னக் கல்லூரிகள் செய்தன.

நம் எல்லைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் படிகளில் ஏறினார்களா என்றால், பெரிதாக இல்லை. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று நீளும் சித்தூர் தாலுகா நிலக்கடலையும் தென்னையும் காய்கறியுமாகப் பிழைத்த வறண்ட பூமி. பத்து முடித்த பெண்ணைப் பாலக்காட்டு விடுதியில் விடும் மனசும் பணமும் நிறைய வீட்டில் இல்லை. 1947இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரிதான் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போக்கிடம். தமிழை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கவும் அங்கே வழி இருந்தது, இப்போதும் இருக்கிறது. காலையில் தோட்டத்தில் மடை மாற்றிவிட்டு பஸ் பிடித்துப் போய், மாலையில் வாலிபால் ஒரு செட் ஆடிவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பிய தலைமுறை அது. தடகளத்துக்கு விடியலிலும் அந்தியிலும் மைதானத்தில் இருக்க வேண்டும். பஸ்ஸில் வந்து போகிறவனுக்கு அது முடியாது. ஆகவே வாலிபாலும் கபடியும் நம்முடையதாக ஆயின. ஸோன் போட்டியில் ஆடிவிட்டு வந்தால் பார்ட்டிசிபேஷன் சர்ட்டிபிகேட், ட்யூட்டி லீவு, கொஞ்சம் கிரேஸ் மார்க், தினப்படியில் ஒரு பரோட்டா. அதுவே பெரிய சந்தோஷம்.

பிறகு ப்ரீ டிகிரி போயிற்று. 1990களில் கல்லூரிகளிலிருந்து படிப்படியாகப் பிரித்தெடுத்து, 2000-01 வாக்கில் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஹயர் செகண்டரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். படிப்பு விஷயத்தில் அது சரியா தப்பா என்று நிறையச் சண்டை நடந்தது. விளையாட்டுக்கு என்ன ஆகும் என்று அன்று யாரும் பெரிதாகக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. நடந்தது இதுதான்: பதினைந்து, பதினாறு, பதினேழு வயது மூன்றும் கல்லூரியின் கையை விட்டுப் போயின. அந்த வயது யாரிடம் போனதோ அவரிடமே தடகளமும் போயிற்று.

பாலக்காட்டில் அது போய்ச் சேர்ந்த இடம் பறளி, முண்டூர், மண்ணார்க்காட்டுப் பக்கம் குமரம்புத்தூர் கல்லடி மாதிரிக் கிராமத்துப் பள்ளிக்கூடங்கள். பறளியில் பி.ஜி. மனோஜ், முண்டூரில் என்.எஸ். சிஜின் என்று விளையாட்டு ஆசிரியர்கள் ஐந்தாம் ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து ஓடவிட்டார்கள். சிஜின் வளர்த்த பி.யு. சித்ரா கூலி வேலைக்காரர் வீட்டுப் பெண். பள்ளியில் படிக்கும்போதே நானோ கார் பரிசு வாங்கினார். ஓட்டுவதற்கு லைசன்ஸ் வயது வராத பெண்ணுக்குக் கார்! 2017இலும் 2019இலும் ஆசியத் தடகளத்தில் 1,500 மீட்டர் தங்கம் அவருடையது. பறளியில் ஓடிப் பழகிய முகமது அஃப்சல் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். அஃப்சலை எடுத்துக்கொண்டது விமானப்படை. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே படைக்கு. வல்சம்மா ஏறிய படிகளில் முதல் படியே இங்கே தேவைப்படவில்லை.

மாநிலப் பள்ளித் தடகளப் போட்டியில் எர்ணாகுளத்தைக் கீழே தள்ளிப் பாலக்காடு 2019, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று முறை முதலிடம் பிடித்தது. இடையில் கோவிட் தின்ற வருடங்களில் போட்டியே இல்லை. 2024இல் மலப்புறம் அந்த இடத்தைத் தட்டிப் பறித்தது. இந்தச் செய்திகளை மலையாளப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. கல்லூரிகளின் தடகளச் செய்தி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிப் பார்த்தால் நிலவரம் புரியும்.

நீளம் தாண்டும் எம். ஸ்ரீசங்கரின் கதையில் இன்றைய கல்லூரி எங்கே நிற்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். தந்தை எஸ். முரளி மும்முறை தாண்டுதல் வீரர், தாய் கே.எஸ். பிஜிமோள் 800 மீட்டர் ஓட்டக்காரர். வீடே பயிற்சி மையம். மகன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார், பயிற்சிக்கு நேரம் போதவில்லை, விட்டுவிட்டு விக்டோரியா கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு மாறினார். விக்டோரியா சின்னக் கல்லூரி இல்லை. 1866இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி வளர்ந்தது. ஆனால் அவர் தாண்டிப் பழகியது பாலக்காடு மருத்துவக் கல்லூரி மைதானத்துச் சின்தெடிக் தரையில், அப்பாவின் கண்பார்வையில். 2022 ஏப்ரலில் தேஞ்ஞிப்பலத்தில் 8.36 மீட்டர், அதே வருடம் பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் வெள்ளி, 2023 ஹாங்சோவில் வெள்ளி. கல்லூரி அவருக்குக் கொடுத்தது முக்கியமான ஒன்று: நேரம். தொந்தரவு பண்ணாமல் இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிறையக் கல்லூரிகளுக்கு அதுவும் தெரியாது. ஆனால் உருவாக்குவது வேறு, விலகி நின்று வழிவிடுவது வேறு.

2009இல் கலிக்கட் பல்கலைக்கழகம் டிகிரிக்கு செமஸ்டர் கொண்டுவந்த பிறகு அந்த வழிவிடலும் நெருக்கடியானது. முன்பு வருடக் கடைசியில் ஒரே பரீட்சை. அதுவரை மைதானத்தில் கிடந்தாலும் கடைசி இரண்டு மாதம் குனிந்து படித்தால் கரையேறலாம். இப்போது இன்டர்னல், அசைன்மென்ட், செமினார் என்று ஏதோவொன்று வாராவாரம் வந்துகொண்டே இருக்கும். பல்கலைக்கழகப் போட்டிகள் சூடு பிடிக்கும் மாதங்களில்தான் செமஸ்டர் பரீட்சையும் வரும். ஆகவே கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவன் பெயர்ப்பட்டியலில் இருப்பான், மைதானத்தில் இருக்க மாட்டான். வெளியே அகாடமியில் இருப்பான், இல்லாவிட்டால் செவன்ஸ் ஆடப் போயிருப்பான்.

செவன்ஸ் தனி உலகம். அறுவடை முடிந்த வயலில் தற்காலிக கேலரி கட்டி, விளக்குப் போட்டு, அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. ராத்திரி ஆடினால் ராத்திரியே கையில் காசு. கல்லூரி டீமில் ஆடுகிறவனுக்குத் தினப்படி என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் அவன் ஏன் அங்கே போகிறான் என்று கேட்கத் தோன்றாது. அதன் மறுபக்கமும் பாலக்காட்டுக்குத் தெரியும். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளில் ஆடிய பாலக்காட்டுக்காரர் ஆர். தனராஜன், 2019 டிசம்பரில் பெரிந்தல்மண்ணாவில் செவன்ஸ் ஆடும்போதே மைதானத்தில் சரிந்து இறந்தார். அவர் குடும்பத்துக்காக அடுத்த மாதம் நூரணியில் நடத்திய ஆட்டத்தில் கேலரி இடிந்து பலர் காயம்பட்டார்கள். விளையாட்டுக்காரனுக்கு ஒரு நிலையான உத்தியோகம் என்ற அந்தப் பழைய ரயில்வே படி எவ்வளவு பெரிய விஷயம் என்பது இப்படிப்பட்ட நாட்களில்தான் உறைக்கும்.

எல்லையில் இருக்கும் நமக்கு இன்னொரு வாசலும் உண்டு. வேலந்தாவளத்திலிருந்து பாலக்காடும் கோயமுத்தூரும் ஏறக்குறைய ஒரே தூரம். காய்கறி லாரிகளோடு பிள்ளைகளும் கிழக்கே போகிறார்கள். செக்போஸ்ட் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பையன், தோளில் கிட் பேக், ஷூவை லேஸால் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

"எந்த காலேஜ் தம்பி?"

"சித்தூருங்ண்ணா."

"அப்புறம் கோயமுத்தூர் பஸ்ஸுக்கு நிக்கற?"

"படிக்கறதுதாங்ண்ணா சித்தூரு. ஓடறது நேரு ஸ்டேடியத்துல."

அந்தக் கோயமுத்தூரிலிருந்துதான் வல்சம்மாவின் ஓட்டத்துக்கு வாரிசு வந்திருக்கிறார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் முடித்து, நூற்றில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்த நேரம் முப்பத்தொன்பது வருடம் இந்திய சாதனையாக நின்றது. 2023 ஹாங்சோவில் வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் அதே 55.42ஐ ஓடினார், இறுதியில் வெண்கலம். வித்யாவும் அவருடைய இரட்டைச் சகோதரி நித்யாவும் வளர்ந்த வழியைப் பாருங்கள். பள்ளி வயதிலேயே ஈரோட்டு விளையாட்டு விடுதி, பிறகு சென்னையில் பயிற்சி, பிறகு ரயில்வே. எல்லைக்கு அந்தப் பக்கமும் ஆரம்பம் பள்ளி வயதில்தான். முடிவு இன்னும் ரயில்வேயில்தான். நடுவிலிருந்த கல்லூரிதான் சுருங்கிவிட்டது.

இதில் அழ ஒன்றுமில்லை என்று ஒரு மனசு சொல்கிறது. வல்சம்மாவின் நேரத்தையும் வித்யாவின் நேரத்தையும் பக்கத்தில் வைத்தால் மூன்று வினாடி வித்தியாசம். தடை ஓட்டத்தில் அது தடைக்குத் தடை தூரத்தில் பாதிக்கும் மேல். பதினைந்து வயதுப் பெண் வீட்டை விட்டு மாவட்டம் தாண்டிப் போய்க் கன்னியாஸ்திரி மணியடிக்க எழுந்து ஓட வேண்டிய கட்டாயமும் இன்று இல்லை. முண்டூர்ப் பெண் முண்டூரிலேயே ஓடலாம், சாயங்காலம் அம்மா கையால் சாப்பிடலாம். பள்ளிக்கூடங்கள் செய்த வேலை சாதாரண வேலையா என்ன.

ஆனால் பள்ளியில் யார் கண்ணிலும் படாத பிள்ளை என்று ஒன்று எப்போதும் உண்டு. நம் பக்கத்தில் அது அதிகம். பறளிபோல ஒரு பள்ளிக்கூடம் சித்தூர்த் தாலுகாவின் கிழக்கே, தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு, வரவில்லை. வயசுக்கு மிஞ்சிய வளர்த்தியோடு வெண்டைக்காய் மூட்டை தூக்கும் பெண்ணுக்கு நீ குண்டு எறிவாய் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அப்படி விட்டுப்போனவர்களைப் பிடிக்கும் இரண்டாவது வலை கல்லூரி. பதினெட்டு வயதில் முதல்முறை ஸ்பைக்ஸ் போட்டவன் ஒலிம்பிக் போக மாட்டான், தெரியும். பல்கலைக்கழக அணிக்குப் போகலாம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்குப் போகலாம். உடற்கல்வி படித்து, வடகரப்பதியில் அடுத்த பிள்ளைகளைப் பொறுக்கியெடுக்கும் வாத்தியாராகத் திரும்பி வரலாம். இப்போதைக்குச் சின்னக் கல்லூரியில் விளையாட்டு என்றால் ஒரு உடற்கல்வி ஆசிரியர், ஒரு ஸ்டோர் ரூம், காற்று இறங்கிய பந்துகள், நவம்பரில் ஒரு ஸ்போர்ட்ஸ் டே. சில இடங்களில் அந்த ஆசிரியரும் வருடா வருடம் மாறும் கெஸ்ட் லெக்சரர்.

2024இல் கேரளம் நாலு வருடப் பட்டப்படிப்பைத் தொடங்கியிருக்கிறது. பல்கலைக்கழகப் போட்டிகளில் பங்கெடுக்க வயது வரம்பு 17 முதல் 25. அதாவது பதினெட்டில் சேரும் பெண் விரும்பினால் இருபத்திரண்டு வரை அதே கல்லூரியில் இருப்பாள். ப்ரீ டிகிரியோடு போன ஐந்து வருடத்தில் நாலு வேறு ரூபத்தில் திரும்பி வந்திருக்கிறது. முதல் பேட்ச் இப்போது நடுவருடங்களில் இருக்கிறது. அந்த நாலு வருடமும் ஒரே பயிற்சியாளர் மைதானத்தில் நிற்பாரா என்பது நிரந்தர நியமனம் நடக்கிறதா என்பதைப் பொறுத்தது. சித்தூரிலிருந்து கிழக்கே போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பொறுத்தது.